கட்டி இருக்கட்டும், ரத்தம் எந்த வழியாகப் போகிறது?

ஒன்பது வயதுச் சிறுமி. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் கல்லீரல் முழுக்க ஐந்தாறு கட்டிகள். புற்றுநோயாக இருக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த அம்மா, “இவ அப்பாகிட்ட இன்னும் சொல்லல டாக்டர்” என்றார்.

ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்தேன். கட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, போர்ட்டல் சிரையைத் தேடினேன். குடல், மண்ணீரல் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் பெரிய குழாய் அது. கல்லீரலுக்குள் அதன் கிளைகள் நூலாக மெலிந்திருந்தன. ரத்தத்தில் பெரும்பகுதி கல்லீரலை எட்டாமலே, பக்கத்திலிருந்த ஓர் இணைப்பு வழியாக, இதயத்துக்குப் போகும் கீழ்ப்பெருஞ்சிரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே அமைந்த குறுக்குவழி.

1793-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் அபர்நெத்தி, இறந்துபோன பத்து மாதக் குழந்தையின் உடலில் இப்படியொன்றைக் கண்டு எழுதினார். அவர் பெயராலேயே இதை அபர்நெத்தி குறைபாடு என்கிறோம்.

சரி, கட்டி எப்படி வருகிறது? கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறத்தாழ 75 சதவீதம் போர்ட்டல் சிரை தருவது. அது குறைந்தால் தமனி கூடுதலாகப் பாய்ச்சி ஈடுகட்டும். அப்புறம் அங்கங்கே செல்கள் பெருகி முடிச்சு முடிச்சாகத் திரளும். பெரும்பாலும் சாதுவான கட்டிகள்தான். ஆனால் தமனி ரத்தம் மிகுந்திருப்பதால் சிடி ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்து, புற்றுநோய் மாதிரியே ஏமாற்றும். சில சமயம் நிஜமாகவே புற்றுநோய் வருவதும் உண்டு. வேகமாக வளர்கிற கட்டி, மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்துத் தெரிகிற கட்டி என்றால் பயாப்ஸி எடுத்தே ஆகவேண்டும்.

“வகுப்பில் தூங்கி வழிவாளா?” என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் தினமும் அதைத்தான் சொல்வாராம். கல்லீரல் சுத்திகரிக்காத அம்மோனியா நேரே மூளைக்குப் போகிறது. சோம்பேறி என்ற பெயர் பிள்ளைக்கு. வேறு சில பிள்ளைகளுக்கு இதன் பாதிப்பு மூச்சிரைப்பும் நீலம் பாரித்த உதடுமாக நுரையீரலில் தெரியும்.

கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் சிறு இணைப்புகள் பல, இரண்டு வயதுக்குள் தாமாக மூடிக்கொள்ளும். இவளுடையது அப்படியில்லை. முதலில் அந்த இணைப்பைப் பலூனால் தற்காலிகமாக அடைத்து, போர்ட்டல் சிரையில் ஏறும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ரத்தக்குழாய்க்குள் செலுத்திய மெல்லிய குழாய் (கதீட்டர்) வழியாகவே அதில் அடைப்பான் வைத்தோம்.

ஒரு வருடத்தில் கட்டிகள் சுருங்கின. ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருகிறாள். போன முறை அப்பாவும் கூட வந்திருந்தார்.