அந்தக் குதிரைத்தலை நிஜம்தானா?

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில், ஒரு தண்ணீர்ப் பந்தல் ஓரமாக வாசகர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பட்டர்வொர்த்காரர். "குதிரைத்தலை நெபுலான்னு ஒரு படம் காட்டினீங்களே சார், போன அமாவாசைக்கு நானும்தானே வந்து உங்க தொலைநோக்கியில பார்த்தேன்? ஒண்ணுமே தெரியலையே. கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?"

நியாயமான கேள்வி. கூட்டத்தில் நின்று விளக்க முடியவில்லை. அதனால் இங்கே.

நெபுலா என்றால் விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி மேகம். முதலில் ஒரு செய்தி. அந்தக் குதிரைத்தலையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தவர் எவருமில்லை. 1888ல் ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படம் எடுத்த ஒரு கண்ணாடித் தட்டில்தான் அது முதலில் சிக்கியது. தட்டைப் பார்த்துக் குறித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். ஆய்வக இயக்குநர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து வானியலுக்கு வந்த அம்மையார். ஆக, பிறந்ததே படத்தில்தான்.

கண் தோற்பதற்குக் காரணம் இருக்கிறது. அது சுமார் பத்தில் ஒரு நொடிக்குத்தான் வெளிச்சத்தைச் சேர்த்துவைக்கும். பிறகு பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். போதாததற்கு, இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. குதிரை என்பது கருந்தூசி. அதற்குப் பின்னால் ஒளிர்வது அந்தச் சிவப்புதான். கேமரா சென்சார் அப்படியில்லை, நிமிடக்கணக்கில் வாங்கிச் சேர்க்கும். பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாக இழுபடாமலிருக்க டிராக்கர் ஒன்று கேமராவைக் கூடவே திருப்பும். பினாங்கில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில் மூட்டத்துக்குள் கிடப்பதால், அதைக் குறிவைத்து டிராக்கரைச் சரியாக நிறுத்துவதற்குள் ஒரு பாட்டம் அழலாம். அந்தக் கதை இன்னொரு நாள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஊர்ப்புறமான பாலிக் புலாவ் பக்கம் போனாலும் வானம் முழுக் கறுப்பில்லை. தெருவிளக்கு வெளிச்சம் மேகத்திலும் தூசியிலும் பட்டுத் திரும்புகிறது. நெபுலாவின் வெளிச்சத்தைவிட அந்த வெளிச்சம்தான் எத்தனையோ மடங்கு அதிகம். பிறகெப்படி நெபுலா பிரிந்து வருகிறது?

ஒளி மழை மாதிரி, துளித்துளியாக வருகிறது. வாசலில் ஒரே அளவு குவளைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு குவளைக்கு மட்டும் ஜிங்க் கூரை ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக விழுகிறது. எது அந்தக் குவளை? ஒரு நிமிடம் பார்த்தால் சொல்லவே முடியாது, மழையே ஒவ்வொரு குவளையிலும் கொஞ்சம் முன்னே பின்னேதான் விழும். மணிக்கணக்கில் வைத்துப் பாருங்கள், தன்னால் தெரியும்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு பிக்சலில் ஒரு நிமிடத்துக்கு வானத்தின் வெளிச்சம் மட்டும் 10,000 ஒளித்துகள் என்று வையுங்கள். அது சரியாக 10,000 வராது, வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 100 கூடக் குறைய ஆடும். ஹைட்ரஜன் தருவது வெறும் 50. ஆட்டம் 100, சங்கதி 50 என்றால் குதிரை எங்கே தெரியும்? இப்போது 100 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவோம். எங்கள் வட்டத்தில் இதை ஸ்டாக்கிங் என்போம். நெபுலா ஒவ்வொரு படத்திலும் அதே பக்கம் தள்ளுகிறது, எனவே 50 என்பது 5,000 ஆகிறது. ஆட்டமோ ஒரு படத்தில் மேலே, அடுத்ததில் கீழே. ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிடும். 100 படங்களிலும் சேர்த்து வானத்தின் வெளிச்சம் 10 லட்சம், அதன் வர்க்கமூலம் 1,000. 5,000க்கு எதிராக 1,000! குதிரை தலையை நீட்டிவிட்டது. யாரும் எதையும் வரையவில்லை, கூட்டினோம், அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸுக்கு இறங்கும் விமானம் ஒரு படத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போகும். மற்ற 99 படங்களில் அந்த இடத்தில் கோடு இல்லை. மற்றவற்றோடு ஒட்டாத அந்தக் கோட்டை மட்டும் மென்பொருள் தூக்கிப் போட்டுவிடும். இதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது நான் கைதட்டிவிட்டேன், வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு கொடுமையும் உண்டு. படம் இருமடங்கு தெளிய வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் வேண்டும். வானம் பத்து மடங்கு வெளிச்சமானால், அதே தெளிவுக்குப் பத்து மடங்கு படங்கள். எல்இடி தெருவிளக்குகளுக்கு மேல்பக்கம் ஒரு மூடி போட்டால் மின்சாரமும் மிச்சம், எங்கள் தூக்கமும் மிச்சம். யாரிடம் சொல்வது? பெரிய தொலைநோக்கிகளுக்குப் பணம் ஒதுக்குவதை நான் வரவேற்கிறேன். ஆனால் இருட்டைக் காப்பதற்குப் பெரிய செலவு கிடையாது, அதை யாரும் ஆராய்ச்சிச் செலவில் சேர்ப்பதுமில்லை.

எங்களுக்கு ஏற்ற இரவு தை அமாவாசை. மழை குறைவு, குதிரைத்தலை இருக்கும் ஓரியன் மண்டலத்து மிருகசீரிடமும் திருவாதிரையும் பத்துப் பதினொரு மணிக்கு உச்சிக்கு அருகில். அமாவாசையில் வெளியே போகாதே என்று அத்தை வழக்கம்போலத் தடுத்தார், பிறகு கழிப்புக்கென்று ஒரு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டார். கேமரா எண்ணிக்கொண்டிருக்கும் மூன்று மணி நேரமும் எங்களுக்கு வேலை கிடையாது. சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் பாய் விரித்து, பிளாஸ்கில் தே ஓ, பொட்டலத்தில் நாசி லெமாக், யார் மகளுக்கு எங்கே வேலை என்ற பேச்சு. எலுமிச்சம்பழத்தைத் தே ஓவில் பிழிந்தோம். நன்றாகவே இருந்தது.

பேச்சு சுவாரசியத்தில் என் லென்ஸில் பனி பிடித்ததை ஒரு மணி நேரம் கவனிக்கவில்லை. ஹீட்டர் பட்டையைச் சுற்றியிருந்தேன், மின்வங்கியில் சொருக மறந்திருந்தேன். 60 படங்களும் பால் ஊற்றினமாதிரி. பக்கத்தில் இருந்த அண்ணன் சிரித்துக்கொண்டே தன்னுடைய 140 படங்களையும் ஒரு தம்டிரைவில் போட்டுக் கொடுத்தார். "என்னோடதையும் உன்னோட மிச்சத்தையும் சேர்த்து அடுக்குடா, கணக்கு ஒண்ணுதானே."

பட்டர்வொர்த்காரர் பார்த்த படம் அதுதான். பாதிக்கு மேல் அண்ணனுடைய கேமரா.