ரப்பர் எழுத்தில் ஒரு ரூபாய்

"ரப்பர் ஸ்டாம்ப் குத்தி நோட்டு அடிக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டாரோ என்னவோ, ஆப்பிரிக்காவில் ஒரு ஜெர்மன் காலனி அரசே அதைச் செய்திருக்கிறது.

ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இன்றைய டான்சானியா. அங்கே பணத்தின் பெயரும் ரூபாய்தான். இந்திய வணிகர்களோடு நம் வெள்ளி ரூபாய் அந்தக் கடற்கரையில் முன்பே புழங்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை கரையை அடைத்ததும் ஜெர்மனியிலிருந்து காசும் நோட்டும் வருவது நின்றுபோனது. 1915இல் உள்ளூரிலேயே நோட்டு அடித்தார்கள். 1916இல் உள்நாட்டு நகரான தபோராவின் ரயில் பட்டறையில் யானை உருவம் போட்ட 15 ரூபாய்த் தங்கக் காசுகூட அடித்தார்கள். அந்தச் செப்டம்பரில் தலைநகர் தார் எஸ் சலாமும் தபோராவும் ஜெர்மானியர் கைவிட்டுப் போயின. அப்புறம் 1917இல் வந்ததுதான் 'புதர் நோட்டு'. ரப்பர் எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட பணம்!

ஏன் ரப்பர்? அச்சகத்தில் கோக்கும் ஈய எழுத்து வளைந்துகொடுக்காது. சொரசொரப்பான காகிதத்தில் மேட்டில் மட்டும் மை ஒட்டும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். சரிக்கட்ட நல்ல காகிதமும் கனத்த இயந்திரமும் வேண்டும். ரப்பரோ நசுங்கிப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். கை அழுத்தமே போதும். கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதன் நீள மூலக்கூறுகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால் அவை நழுவி ஓடுவதில்லை.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ரப்பரை அழுத்தினால் அது வளையுமே தவிர, கன அளவு அநேகமாகக் குறையாது. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் எழுத்து கொஞ்சம் தடித்து விழும். நடுவில் இருந்த மையும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, எழுத்தைச் சுற்றி ஒரு கருங்கரை கட்டும். கரையின் அகலம் அமுக்கிய வேகத்தையும் கையையும் பொறுத்தது. ஆகவே ஒரே எழுத்தை நூறு முறை குத்தினாலும் நூறும் நூறு விதம். இதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். நம் பள்ளிகள் 'ஸ்மார்ட்' திரைக்குச் செலவழிப்பதில் ஒரு துளியை லென்சுக்கு ஒதுக்கினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

புதர் நோட்டு நம் கைக்குக் கிடைக்காது. பரவாயில்லை, மளிகைக் கடை அட்டைப்பெட்டி இருக்கிறது. அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டும் அம்புக்குறியும் பெரும்பாலும் இப்படி வளைந்துகொடுக்கும் அச்சில் அடித்ததுதான். அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: நடு வெளிறி, விளிம்பு கறுத்து, அதே கரை.