பிரிட்டன் அரசு மருத்துவமனை வேலை: பதிவு வேறு, பணி வேறு

வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு பிரிட்டன் வைக்கும் பிளாப் தேர்வில் தேறிவிட்டால் அங்கே வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேறினால் கிடைப்பது அந்நாட்டு மருத்துவ கவுன்சிலான ஜி.எம்.சி.யில் பதிவுக்கு விண்ணப்பிக்கும் தகுதிதான். பதிவு இல்லாமல் அங்கே வைத்தியம் பார்க்க முடியாது, சரி. ஆனால் வேலையை, அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் மருத்துவமனைகளை நடத்தும் டிரஸ்ட்டுகளிடம் தனியாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7-க்குக் குறையக் கூடாது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் நான்கு பிரிவிலும் பி கிரேடு. அப்புறம் எழுத்துத் தேர்வான பிளாப் 1: மூன்று மணி நேரம், 180 கேள்விகள், இந்தியாவிலேயே எழுதலாம். செய்முறைத் தேர்வான பிளாப் 2-க்கு மான்செஸ்டர் போயே ஆக வேண்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் குறிப்பைப் படிக்க ஒன்றரை நிமிடம். உள்ளே நோயாளியாக நடிப்பவரோடு எட்டு நிமிடம். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கெட்ட செய்தியை எப்படிச் சொல்கிறீர்கள், எதிரே இருப்பவரைப் பேச விடுகிறீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. எம்.ஆர்.சி.பி. (பிரிட்டனின் பொது மருத்துவ உயர் தகுதி) போன்ற உயர் தகுதி முடித்தவர்களுக்குப் பிளாப் தேவையில்லை.

வேலை உறுதியானதும் ஹெல்த் அண்ட் கேர் விசா. 2020 ஆகஸ்டில் வந்த இந்த விசாவுக்குக் கட்டணம் குறைவு. மற்ற வேலை விசாக்காரர்கள் ஆண்டுக்கு 1,035 பவுண்டு கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணம் மருத்துவருக்கும் கிடையாது, உடன் வரும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது.

மருத்துவர் தட்டுப்பாடுள்ள ஏழை நாடுகளில் போய் ஆள் பிடிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அதை ஒட்டி பிரிட்டனும் ஒரு சிவப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. நைஜீரியா, பாகிஸ்தான் போன்றவை அதில் உண்டு. அந்த நாட்டு மருத்துவர்கள் வரவே கூடாது என்பதல்ல. தாங்களாக நேரடியாக விண்ணப்பிக்கலாம், ஏஜென்சி போய்த் திரட்டக் கூடாது. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், வேலை தேடித் தர உங்களிடம் காசு கேட்கும் ஏஜென்சி விதியை மீறுகிறது.

வந்தவர்களைத் தக்கவைப்பதில்தான் ஓட்டை என்பேன். புதிதாக வருபவர்களுக்காக ஜி.எம்.சி. இலவசப் பயிலரங்கு நடத்துகிறது, தவறவிடாதீர்கள். ஆனால் பலர் சேர்வது குறுகிய கால ஒப்பந்தமுள்ள டிரஸ்ட் கிரேடு பணியில், அதாவது சிறப்புப் பயிற்சித் திட்டத்தில் சேராத பணியில். அதிலிருந்து சிறப்பு மருத்துவராவதற்கான பயிற்சி இடத்துக்குத் தாவலாம் என்ற கணக்கை இப்போது நம்ப முடியாது: உள்நாட்டில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று 2025 ஜூலையில் வெளியான அரசின் பத்தாண்டுத் திட்டம் சொல்லிவிட்டது. டிரஸ்ட் மாறினால் விசாவுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை போனால் வேறு வேலை தேடவோ நாடு திரும்பவோ பொதுவாக 60 நாள் அவகாசம் தருவார்கள். அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தம் எத்தனை மாதம், நீட்டிப்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.