குளிர் பட்டால்தான் பூண்டு பல் பிரியும்

டொராண்டோ வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் தக்காளிச் செடியைப் பிடுங்கியதும் அந்தப் பாத்திக்கு அடுத்த வேலை பூண்டு. அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் முதல் வாரத்துக்குள் நட்டுவிட்டால், ஜூலையில் தோண்டலாம்.

வசந்தத்தில் நட்டாலும் முளைக்கும், இலையும் விடும். ஆனால் தோண்டினால் பெரும்பாலும் பல் பிரியாத ஒற்றை உருண்டைதான் கிடைக்கும். பல்லுக்குள் இருக்கும் குருத்து, 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறிலிருந்து எட்டு வாரம் கிடக்க வேண்டும். அந்தக் குளிர் ஏறிய செடியில்தான், பகல் நீளும்போது உள் இலைகளின் கக்கத்தில் மொட்டுகள் கட்டி, ஒவ்வொன்றும் ஒரு பல்லாகத் திரளும்.

கடைப் பூண்டு வேண்டாம். முளைக்காமலிருக்க மருந்து பட்டிருக்கலாம். பூண்டைக் கெடுக்கும் நுண்ணிய நூற்புழுவும் கூட வரலாம். நடுத்தண்டு கெட்டியான ‘மியூசிக்’ போன்ற ரகத்தை விதைக்கென்றே வாங்குங்கள். நடுவதற்கு முதல் நாள் பல் பிரியுங்கள். தோலை உரிக்கக் கூடாது. பெரிய பற்களை மட்டும் நடுங்கள், சின்னவை குழம்புக்கு. வேர் வரும் தட்டை அடி கீழே, கூர்முனை மேலே. முனைக்கு மேல் 5 செ.மீ. மண், பல்லுக்குப் பல் 15 செ.மீ. இடைவெளி.

நட்ட மூன்றாம் வாரம் ஒரு பல்லைக் கிளறிப் பாருங்கள்: மேலே முளை எட்டிப் பார்த்திருக்காது, கீழே வெள்ளை வேர் விரல் நீளம் ஓடியிருக்கும். இந்த நிலையில்தான் மண் உறைய வேண்டும். முந்தி நட்டால் தழை உயர வளர்ந்து உறைபனியில் கருகும். பிந்தினால் வேர் பிடித்திருக்காது. மண் உறைந்து உறைந்து இளகும்போது பல்லை வெளியே தள்ளிவிடும். அதற்குத்தான் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு.

பனி கரைந்ததும் தழைச்சத்து கொடுங்கள், மே நடுவோடு நிறுத்துங்கள். ஜூனில் சுருளும் பூந்தண்டை ஒடித்துவிடுங்கள். விட்டால் கிழங்கு சிறுக்கும். ஒடித்ததைப் பொரியல் செய்யலாம், அவ்வளவு ருசி!

தோண்டும் நாளை இலை சொல்லும். ஒவ்வொரு இலையின் அடிப்பாகமும் கிழங்கைச் சுற்றிய ஒரு தோல். கீழே மூன்று நான்கு இலை காய்ந்து, மேலே ஐந்தாறு பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எல்லாம் காயட்டும் என்றிருந்தால் தோல் மண்ணிலேயே மக்கி, பல் விரிந்து அழுகும். கழுவாமல், காற்றோடும் நிழலில் மூன்று வாரம் தொங்கவிடுங்கள். கழுத்தை வெட்டினால் ஈரம் தட்டக் கூடாது.