60 பேருக்கு ஒரு மன்றம்: எந்த மென்பொருள் சரிப்படும்?

எங்கள் நாணயம் சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்த 2 ரூபாயில வருஷத்துக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு. அச்சுப்பிழையா? நல்ல விலைக்குப் போகுமா?" பிழையெல்லாம் இல்லை. புள்ளி இருந்தால் நொய்டா மின்ட் (நாணயச் சாலை), நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சாய்சதுரம் மும்பை, ஒரு குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதைப் படம் போட்டு விளக்கிவிட்டார். அந்தப் பதில் இப்போது குட் மார்னிங் படங்களுக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது.

சரி, இணையத்தில் ஒரு மன்றம் (ஃபோரம்) தொடங்கிவிடலாம் என்று முடிவானது. மென்பொருள் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பிஎச்பிபிபி, மைபிபி, ஃப்ளாரம், டிஸ்கோர்ஸ் என்று நாலைந்தைச் சோதனைக்கு நிறுவி இணைப்பை அனுப்பினேன். எல்லோரும் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றித்தான் கருத்துச் சொன்னார்கள். நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே தரவு எப்படி அடுக்கப்படுகிறது என்பதைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான். தரவுத்தளத்தில் இரண்டு முக்கிய அட்டவணைகள்: திரிகளுக்கு (ஒரு தலைப்பில் நடக்கும் உரையாடல்) ஒன்று, அவற்றில் எழுதும் பதிவுகளுக்கு ஒன்று. நீங்கள் ஒரு பதிலை எழுதி 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் பதிவுகள் அட்டவணையில் ஒரு வரிசை கூடும்; எந்தத் திரிக்கு உரியது என்ற எண்ணும் அதில் இருக்கும். கூடவே திரிகள் அட்டவணையில் 'கடைசிப் பதிவின் நேரம்' என்ற கட்டத்தில் இப்போதைய நேரம் எழுதப்படும். முகப்புப் பக்கம் அந்தக் கட்டத்தை வைத்துத்தான் திரிகளை வரிசைப்படுத்துகிறது. 2019-இல் தொடங்கிய திரிக்கு இன்று ஒருவர் ஒரே ஒரு வரி பதில் போட்டால்கூட அது பழைய பதில்கள் அத்தனையையும் தூக்கிக்கொண்டு மேலே வந்து நிற்பது இதனால்தான். வாட்ஸ்அப் குழுவின் உரையாடலுக்கு ஒரே வரிசை, நேர வரிசை. மன்றத்துக்கு முகப்பில் ஒரு வரிசை, திரிக்குள் ஒரு வரிசை. இந்த ஒரு கட்டத்தால் வரும் வித்தியாசம் அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 'படிக்காத பதிவுகள்' கணக்கு. யார் எதைப் படித்தார்கள் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? 60 உறுப்பினர்கள், 5,000 திரிகள் என்று வையுங்கள். ஆளுக்கொரு திரிக்கு ஒரு குறிப்பு என்றால் 3 லட்சம் குறிப்புகள். பிஎச்பிபிபி இங்கே ஒரு சிக்கனம் செய்கிறது. ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தையவை எல்லாம் படித்தவை என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் நீங்கள் திறந்த திரிகளுக்கு மட்டும் தனிக்குறிப்பு வைக்கும். ஒரு பிரிவில் எல்லாவற்றையும் படித்து முடித்தீர்களா, தனிக்குறிப்புகளை அழித்துவிட்டு அந்தப் பிரிவுக்கு ஒரே தேதியாகச் சுருக்கிவிடும். பால்காரர் கணக்கு மாதிரி: 'போன மாதம் வரை தீர்ந்தது' என்று கோடு போட்டபின் பழைய பக்கம் தேவையில்லை.

டிஸ்கோர்ஸ் ஒவ்வொரு பதிவையும் இரண்டு வடிவில் வைத்திருக்கிறது. நீங்கள் தட்டியது அப்படியே ஒன்று. இணைப்பு, படம், தடித்த எழுத்து எல்லாம் சேர்த்து உலாவிக்கு ஏற்றபடி தயார் செய்தது இன்னொன்று. நிரலில் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைத் தமிழில் சொன்னால் 'பச்சை', 'சமைத்தது'. ஒரு பதிவை எழுதுவது ஒருமுறை, படிப்பது நூறுமுறை. ஒவ்வொரு முறையும் அடுப்பைப் பற்றவைப்பானேன்? திருத்துவதற்காகப் பச்சை வடிவம் பத்திரமாக இருக்கும். நாளைக்கு விதி மாறினால் பழைய பதிவுகளை மறுபடி சமைத்துக்கொள்ளலாம்.

இனி காசு சமாச்சாரம். பிஎச்பிபிபி, மைபிபி, ஃப்ளாரம் மூன்றும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டவை. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் நிரல் அந்த வேளைக்கு ஓடி, பக்கத்தைக் கொடுத்துவிட்டு, தன் நினைவகத்தைக் காலி செய்துவிடும். கூப்பிட்டால் வரும் ஆட்டோ போல. அதனால் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்களை நெருக்கி வைக்க முடிகிறது. பகிர்வு ஹோஸ்டிங் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. 2013-இல் வெளிவந்த டிஸ்கோர்ஸ் ரூபி மொழியில் எழுதப்பட்டது. அதன் செயல்முறைகள், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ரெடிஸ் என்ற தற்காலிகத் தரவுக் கிடங்கு எல்லாம் யாரும் வராத நடுராத்திரியிலும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டோடு டிரைவர் வைத்த கார். குறைந்தது 1 ஜிபி ராம் உள்ள தனிச் சர்வர் வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது, பக்கத்தைப் புதுப்பிக்காமலே புதிய பதிவுகள் கண்முன் வந்து விழும் சுகம். செல்பேசியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இடம் எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட். 'நாணயம்' என்ற சொல் கண்ணுக்கு நாலெழுத்து. கணினிக்குத் துணைக்காலும் புள்ளியும் தனிக்குறிகள் என்பதால் ஆறு குறி, 18 பைட். ஒரு பதிவுக்கு 400 குறி, நாளுக்கு 20 பதிவு என்றால் வருஷத்துக்கு 9 எம்பிகூடத் தாண்டாது. பத்து வருஷப் பேச்சு ஒரு சினிமாப் பாட்டின் வீடியோ அளவு. ஆனால் நாணயக்காரர்கள் படம் போடாமல் பேசமாட்டார்கள். நாளுக்கு மூன்று படம், படத்துக்கு 3 எம்பி என்றால் வருஷத்துக்கு 3 ஜிபிக்கு மேல். ஆக, பார்க்க வேண்டியது படத்தை ஏற்றும்போதே சுருக்கிக்கொள்ளும் வசதி.

படத்தை வெளியே ஏதாவது இலவசத் தளத்தில் வைத்து இணைப்பு மட்டும் கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். 2017 ஜூனில் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், பிற தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399 டாலர் கட்டச் சொன்னது. உலகம் முழுக்க ரேடியோ, கார், தச்சுவேலை மன்றங்களில் பல வருஷப் படங்கள் ஒரே நாளில் சாம்பல் கட்டங்களாகிவிட்டன. 'படத்தில் காட்டியபடி இந்தத் திருகைக் கழற்றவும்' என்ற வரி மட்டும் மிச்சம்.

தமிழில் எழுதும் மன்றத்துக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு: தேடல். தேடுபொறி ஒவ்வொரு சொல்லுக்கும் 'இது எந்தெந்தப் பதிவில் வருகிறது' என்று ஒரு அகராதி வைத்திருக்கும். நீங்கள் 'காசு' என்று தேடினால் 'காசு' கிடைக்கும். 'காசின்', 'காசை' கிடைக்காது. முன்னெழுத்துகள் பொருந்தினால் போதும் என்று வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் உகரக் குறியே அங்கே மறைந்துவிட்டது. 'நாணயம்', 'நாணயத்தை' கதையும் இதேதான். வேற்றுமை உருபைக் கழற்றி அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கும் விதிகள் தமிழுக்கும் இருக்கின்றன. 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் மன்ற மென்பொருள் அதைக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். பிஎச்பிபிபி-யில் நட்சத்திரக் குறி போட்டு 'நாணய*' என்று தேடலாம். அழகில்லை, ஆனால் வேலை நடக்கிறது. எந்த மென்பொருளானாலும் சரி, பத்துத் தமிழ்ப் பதிவுகளை ஏற்றித் தேடிப் பார்க்காமல் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்புறம் விளம்பர ரோபோக்கள். மன்றம் திறந்த மூன்றாம் நாளே வந்துவிடும், மனிதர்கள் வருவதற்கு முன்பே. உறுப்பினராகச் சேரும்போது காட்டும் கோணல் எழுத்துப் படங்களை அவை சுலபமாகத் தாண்டுகின்றன. சின்ன மன்றத்துக்கு நல்ல காவல், அந்தப் பொழுதுபோக்கைச் சேர்ந்த ஒரு கேள்வி. ஒரே ஒரு தளத்துக்காக விளம்பரக்காரன் மெனக்கெட மாட்டான். 'நட்சத்திரக் குறி எந்த ஊர் மின்ட்?' என்று வைத்தோம். ரோபோ நின்றது. கூடவே எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரும் வெளியே நின்றார். அவர் 'ஐதராபாத்' என்று எழுதியிருக்கிறார். நான் 'ஹைதராபாத்' மட்டும் பதிலாகக் கொடுத்திருந்தேன். இப்போது நாலு எழுத்துக்கூட்டல்கள் உள்ளே இருக்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து பழைய பதிப்பு. 2004 டிசம்பரில் சாண்டி என்ற கணினிப் புழு (தானே பரவும் தீய நிரல்), கூகுளிலேயே பிஎச்பிபிபி மன்றங்களைத் தேடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கங்களை அழித்து எழுதிக்கொண்டு போனது. அந்த ஓட்டையை அடைத்த 2.0.11 பதிப்பு முந்தைய மாதமே வந்துவிட்டது. பிறகு ஏன் பலர் மாறவில்லை? அந்தக் காலத்தில் கூடுதல் வசதி வேண்டுமென்றால் மூல நிரலையே கையால் திருத்த வேண்டும். புதுப்பித்தால் திருத்தியதெல்லாம் போய்விடும். அந்தப் பயத்தில் அப்படியே விட்டார்கள். 2014-இல் வந்த 3.1 பதிப்பில்தான் மூலத்தைத் தொடாமல் நீட்சிகளை மாட்டும் முறை வந்தது. மென்பொருள் பார்க்கும்போது வசதிகளின் பட்டியலைவிட, புதுப்பிப்பது எத்தனை சொடுக்கு என்பதைத்தான் நான் முதலில் எண்ணுவேன். டிஸ்கோர்ஸ் இதில் கெட்டி, பெரும்பாலும் ஒரே பொத்தான். ஆனால் அதற்கு மின்னஞ்சல் அனுப்பும் சேவையைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். கணக்கை உறுதிப்படுத்தும் அஞ்சல் போகாவிட்டால் நிர்வாகியே உள்ளே நுழையத் திண்டாட வேண்டியிருக்கும்.

லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை. இருப்பது நான்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். பிஎச்பிபிபி எடுத்தோம். பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்து ரயில்வே அட்டவணை மாதிரிதான் இருக்கிறது.

திறப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது: காப்புப் பிரதி எடுத்து, அதை வேறு கணினியில் ஏற்றிப் பார்ப்பது. ஏற்றினேன். தமிழ் முழுக்க கேள்விக்குறிகள்! பிரதி எடுக்கும்போது எழுத்துக் குறியாக்க முறையை ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று விட்டிருக்கிறேன். அதில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. புரியாத கிறுக்கல் எழுத்தாக வந்திருந்தால்கூட மீட்டுவிடலாம், பைட்டுகள் உள்ளே அப்படியே இருக்கும். கேள்விக்குறி ஆனபின் எந்த எழுத்து இருந்தது என்பதற்குத் தடயமே கிடையாது. யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு மறுபடி எடுத்தேன், மறுபடி ஏற்றினேன், 'நாணயம்' என்று தேடினேன். வந்தது. அதற்கப்புறம்தான் இணைப்பைக் குழுவில் போட்டேன்.