புழுவெட்டில் புழு இல்லை

ஓ.எல். சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலை மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த அக்கா சீப்பை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இடது காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வட்டம். ஒரு மயிர்கூட இல்லை. செதில் இல்லை, கடி இல்லை, நோவும் இல்லை. தோல் மழமழவென்று இருந்தது. என் பெறாமகளுக்கு ஏற்கனவே தைரொயிட் குறைபாடு. காலையில் வெறுவயிற்றில் குளிசை போடுகிறவள்.

பின்னேரம் வந்துபோனவர்களில் சிலர் "புழுவெட்டு, வெங்காயத்தைத் தேயுங்கோ" என்றார்கள். மற்றவர்கள் "பிள்ளை கன யோசினை போல" என்றார்கள். அவள் அழுதது இரண்டாவதைக் கேட்டுத்தான். "நான் யோசிச்சதாலயா சித்தி கொட்டினது?" என்று இரவு கேட்டாள்.

பெயர்தான் புழுவெட்டு. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ஒரே சீப்பைப் பாவித்தாலும் அடுத்தவருக்குத் தொற்றாது. (செதில் உதிர்ந்து, கடித்து, மயிர் முறிந்தால் அது பங்கசாக இருக்கலாம், அது தொற்றும், அதற்கு மருந்தும் வேறு.) மருத்துவர்கள் இதை அலோபீசியா ஏரியேற்றா என்பார்கள். வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு இது வருகிறது.

உடம்பின் கலங்கள் தம் மேற்பரப்பில் ஓர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே இருக்கின்றன. நோயெதிர்ப்புப் படையின் காவலர்களான ரி கலங்கள் சுற்றிவந்து அதைப் பார்த்து, நம்மவர் என்றால் விட்டுவிடும். சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் மயிரின் வேர்க்குமிழுக்கு ஒரு சலுகை உண்டு. அது அட்டையைப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருக்கும். ரி கலங்களை அடக்கும் பொருட்களைச் சுரந்து அவற்றைக் கிட்ட அண்டவிடாது. கண்ணின் உட்பகுதிக்கும் இப்படியொரு சலுகை இருக்கிறது.

புழுவெட்டில் குலைவது இந்தச் சலுகைதான். வேர் அட்டையைக் காட்டத் தொடங்க, ரி கலங்கள் அதை அந்நியன் என்று எடுத்து மொய்க்கின்றன. நுணுக்குக்காட்டியில் அதைப் பார்க்கும் வைத்தியர்கள் 'தேனீக் கூட்டம்' என்றே சொல்வார்கள். மொய்த்த கலங்கள் இன்ரபெரோன் காமா என்ற செய்திப்பொருளை விடும். அது பட்டதும் வேர் இன்னொரு செய்திப்பொருளைச் சுரக்கும். அது இன்னும் ரி கலங்களைக் கூப்பிடும். இப்படி ஒன்றையொன்று ஏற்றிவிட, வளர்ச்சி பாதியில் அறுந்து மயிர் உதிர்கிறது. தோல் வைத்தியர் லென்சை வைத்து வட்டத்தின் விளிம்பை எனக்கும் காட்டினார். சில மில்லிமீற்றர் நீளக் குட்டை மயிர்கள், நுனி தடித்து அடி மெலிந்து, ஆச்சரியக்குறி போல நின்றன.

நான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: மயிர்க்கால் சாகவில்லை. புது மயிரை உண்டாக்கும் மூலக்கலங்கள் குமிழுக்கு மேலே, மயிர்க்காலின் நடுவில் இருக்கின்றன. கூட்டம் மொய்ப்பது கீழே. அதனால்தான் ஓரிரு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைக்கிறது. திரும்ப வரவும் கூடும், அதையும் மறைக்கக்கூடாது. லூபஸ் (நோயெதிர்ப்புப் படை சொந்த உடம்பையே தாக்கும் இன்னொரு நோய்) உள்ளவர்கள் மட்டும் காத்திருக்க வேண்டாம். லூபசின் ஒரு வகை தோலில் தழும்பை உண்டாக்கி வேரையே அழித்துவிடும். அங்கே ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

சரி, யோசினை? மன அழுத்தம் வந்தால் சுரக்கும் பொருட்களும் மயிர்க்காலைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகளும் அந்தச் சலுகையைத் தளர்த்தக்கூடும். ஆனால் மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. மரபணு மட்டும் என்றும் சொல்ல முடியாது. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறையப் பாதியில்தான். தைரொயிட், வெண்படை உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது, ஏனென்றால் இவற்றின் மரபணுப் பின்னணியில் பொதுவான பகுதிகள் உண்டு. அவள் உடம்பில் அந்த வழி ஏற்கனவே திறந்திருந்தது. சோதனைப் பயம் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம், அவ்வளவுதான். 'யோசிக்காதே' என்று பத்துப்பேர் சொன்னால் அதுவே பதினோராவது யோசினை.

அழுத்தத்தாலும் காய்ச்சலாலும் நேரடியாகக் கொட்டுவது வேறு வகை. மார்கழியில் டெங்கு வந்தவருக்குப் பங்குனியில் தலை முழுக்கச் சீப்போடு வரும், வட்டமாக வராது. பல மயிர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், அந்த ஓய்வு முடிய ஏறக்குறைய மூன்று மாதம் எடுப்பதால்தான் இந்த இடைவெளி.

வெங்காயத்தில் முழுப் பொய் இல்லை. ஈராக்கில் செய்து 2002இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் வெங்காயச் சாறு தேய்த்த பலருக்கு மயிர் முளைத்தது. ஆனால் தானாக முளைக்கும் நோயில் சிறு ஆய்வு ஒன்றை நம்பி இருக்க முடியாது, தோலும் எரியும். புழுவெட்டுக்குப் பூசவென்று குன்றிமணியை வீட்டில் அரைக்கவே வேண்டாம், அது கொடிய நஞ்சு.

சிறு வட்டங்களுக்குத் தோலுக்குள் ஸ்ரீரொயிட் ஊசி போடுவார்கள், நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை. கடுமையானவற்றுக்கு, மூட்டுவாதத்துக்கு வந்த பாரிசிட்டினிப் குளிசையை 2022இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மேலே சொன்ன ஏற்றிவிடும் சுழலைத்தான் அது கலத்துக்குள் வைத்து அறுக்கிறது. நிறுத்தினால் திரும்பவும் கொட்டக்கூடும், கிருமித் தொற்றுக்கும் இடம் கொடுக்கும்; அதனால் வைத்தியர் கண்காணிப்பு வேண்டும்.

பெறாமகளுக்கு நாங்கள் செய்தது கொஞ்சம்தான். பின்னலைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டி வட்டத்தை மூடினோம். இது தொற்றாது என்று வகுப்பு ரீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். தைரொயிட் குளிசையை ஒருநாளும் தவறவிடவில்லை. ஐந்தாம் மாதம், தலைமுழுக்கு நாளில், அக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் கையையும் அங்கே வைத்தாள். பஞ்சு போல, முழுக்க வெள்ளையாக. நிறம் கொடுக்கும் கலங்கள் பெரும்பாலும் பிந்தித்தான் வேலைக்குத் திரும்பும். "கிழவி மயிர் சித்தி" என்று அவள் சிரித்தாள். பின்னல் போடும்போது அதை மூட வேண்டாம் என்றும் சொன்னாள்.