ஒய்.பி. அலுவலக முத்திரை மூன்று மாதக் கெடுவை நிறுத்தாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலுள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்திற்குக் கடந்த வாரம் வந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். பணிக்கணக்கில் சில மாதங்கள் விடுபட்டதால் 21 ஆண்டுகள் நிறையவில்லை, ஆகவே ஓய்வூதியம் கிடையாது என்று இலாகா எழுதிய கடிதம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதன்மேல் இருந்த நான்கும் ஒய்.பி.க்கு, அதாவது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, அவர் எழுதிய மனுக்கள். நான்கிலும் ஊதா நிற ரப்பர் முத்திரை. "எனக்காகத் தனியாக ஒரு சட்டம் கொண்டு வரப் போகிறார்கள் சார், அது வந்த பிறகு உங்களைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்" என்றார். இலாகாவின் கடிதம் கைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த ஆண்டில் இதே கதையோடு வருகிறவர்களில் இவர் மூன்றாமவர். முதலில் பள்ளித் தோட்டக்காரர் ஒருவர், பிறகு காலமான கிளினிக் ஊழியர் ஒருவரின் மனைவி. மூவரும் நம்பியது, அமெரிக்காவில் தனி ஒருவருக்காகவே ஓய்வூதியச் சட்டம் இயற்றுவார்கள் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றிவரும் ஒரே காணொளியை.

அந்தக் காணொளி சொல்வது முழுப் பொய்யன்று என்பதுதான் தொல்லை. ஒரு தனிமனிதரின் பெயரைக் குறிப்பிட்டு அவருக்கு மட்டும் நிவாரணம் தரும் சட்டத்தை இயற்றும் வழக்கம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு முன்னாள் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் ஓய்வூதியம் கேட்டு இத்தகைய மசோதாக்கள் வெள்ளமாய்க் குவிந்ததும், 1885இல் பதவியேற்ற அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் தம் முதல் தவணையிலேயே அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைத் திருப்பி அனுப்பியதும் வரலாறு. ஆனால், காணொளியைத் தயாரித்தவர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு: ஓய்வூதியத்திற்காகவும் ராணுவப் பதிவேட்டுத் திருத்தத்திற்காகவும் தனிநபர் மசோதா கொண்டுவருவதை அந்நாடே 1946இல் தடைசெய்து, பதிவேட்டுப் பிழைகளைத் திருத்தும் பொறுப்பை அதற்கென அமைத்த வாரியங்களிடம் ஒப்படைத்துவிட்டது. அங்கேயே அடைத்துவிட்ட கதவை நாம் இங்கிருந்து தட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டு நிலைமை இன்னும் தெளிவானது. கூட்டரசு நிதியிலிருந்து செலவு கோரும் மசோதாவை அமைச்சர் மட்டுமே தாக்கல் செய்ய முடியும் என்று அரசியலமைப்பின் 67ஆவது விதி கூறுகிறது. உங்கள் ஒய்.பி. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அமைச்சராக இல்லாதவரை அவரால் உங்களுக்கு ஓய்வூதியம் தரும் மசோதாவைக் கொண்டுவர இயலாது. அவர் இலாகாவுக்குக் கடிதம் எழுதலாம், அவையில் கேள்வி கேட்கலாம். இரண்டும் பயனுள்ளவையே, இரண்டும் சட்டமாகா.

உண்மையான நிவாரணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அண்மைய சான்று அமினா அகமது வழக்கு. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் சிலர், ஓய்வூதிய உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காடு என நிலைப்படுத்திய 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்து, ஓய்வூதியத்தை முன்பிருந்ததைவிடக் குறைவுபடுத்தும் சட்டம் செல்லாது என்னும் அரசியலமைப்பின் 147ஆவது விதியைக் காட்டி வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜனவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2023 ஜூன் 27இல் அதை உறுதிசெய்தது. அவர்கள் யாரும் தங்கள் பெயரில் சட்டம் வரும் என்று காத்திருக்கவில்லை.

இலாகாவின் முடிவை உயர் நீதிமன்றச் சீராய்வுக்குக் கொண்டுசெல்ல, அந்த முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களே உண்டு. அரசாங்கத்தின் மீது இழப்பீட்டு வழக்கு என்றால் 36 மாதங்கள். ஒய்.பி. அலுவலகம் குத்தும் முத்திரை இவற்றில் எதையும் ஒருநாள்கூட நீட்டிக்காது. (ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்: பணிநீக்கத்திற்கு முன் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பை அரசு ஊழியருக்கு உறுதிசெய்யும் 135ஆவது விதி ஆயுதப் படையினரைச் சேர்ப்பதில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்த எடுப்பிலேயே இதைத்தான் சொல்வார்.)

ஆகவே, இலாகாவிலிருந்து கடிதம் வந்தால் அது வந்த உறையைத் தயவுசெய்து கிழித்துப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி உங்கள் வழக்கையே காப்பாற்றலாம். கடிதத்தின் மூலையில் அது கைக்கு வந்த நாளை எழுதி வையுங்கள். மலாய் புரியவில்லையென்றால் படித்த பிள்ளையிடம் அன்றைக்கே காட்டுங்கள், தீபாவளிக்கு வரும்போது காட்டலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சேவைப் பதிவேட்டின் நகலை வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கி, மாதக்கணக்கைச் சரிபாருங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவில் விசாரியுங்கள். ஒய்.பி.யையும் தாராளமாகப் பாருங்கள், ஆனால் அதே வாரத்தில் வழக்கறிஞரையும் பாருங்கள்.

அந்த முன்னாள் வீரருக்காகக் கால நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் தயாராகிறது. தாமதத்திற்கு நீதிமன்றம் ஏற்கும் காரணத்தைக் காட்ட வேண்டும். நான்கு மனுக்களைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை. உறையைக் கேட்டேன். பேரன் தபால்தலை சேர்க்கிறான் என்று வெட்டிக் கொடுத்துவிட்டாராம்.